அத்தான் சுத்தம் செய்த தொட்டி

சுத்தம் சோறு போடும் என்று சொன்னவன் என் அத்தானைப் பார்த்ததில்லை. அக்காவின் கணவரான அவருடைய சுத்தம் என் சோற்றில் மண்ணைப் போட்டது. ஆண்டுகள் போய்விட்டன, கோபம் போகவில்லை.

கொல்லம் பக்கத்து எண்ணெய்ப்பனை ஆலைகளில் பழுப்பாக ஒரு கழிவுநீர் வரும். அதைப் புளிக்க வைத்தால் அடுப்பெரிக்கும் வாயு கிடைக்கும். இருந்த வேலையை விட்டுவிட்டு (அறிவாளி!) அந்த வாயுவைப் பாறசாலையில் விற்கக் கிளம்பினேன். வங்கிக்காரர் "வாங்க ஆள் உண்டா?" என்றார். ஹோட்டல்காரர்களோ, "சிலிண்டர் வாசலுக்கே வருது. கழிவுல வெந்த சோத்தை எவன் தின்பான்?" என்றார்கள். சாண வறட்டியில் வெந்ததைத் தின்று வளர்ந்த வாய்கள் இவை!

உதியன்குளங்கரை ஹோட்டல் முதலாளி ஒருவர் மட்டும், எரிவதை நேரில் பார்த்தால் வாங்குவதாகச் சொன்னார். தங்கையின் கல்யாணத்துக்கு வரச் சொன்னேன். அடைப்பிரதமன் பாயசத்தை என் வாயுவில் காய்ச்சிக் காட்டுவது திட்டம். அவரும் கைவிட்டால் பழைய முதலாளியின் காலில் போய் விழ வேண்டியதுதான்.

வீட்டுக் கொல்லையில் தொட்டி வைத்துக் கழிவுநீரை நிரப்பி, வாயு வந்து சேர அடுப்பருகே ஒரு ரப்பர் பையை மாட்டினேன். முந்தின நாள் மத்தியானம் அடுப்பை எரித்துப் பார்த்தேன். நீலமாக எரிந்தது. காலியான ரப்பர் பை விடிவதற்குள் மறுபடி நிறையும் என்று நிம்மதியாகத் தூங்கினேன். காலையில் பை பாதிதான் உப்பியிருந்தது. குளிரினால் இருக்கும் என்று எனக்கு நானே விளக்கம் சொல்லிக்கொண்டேன்.

ஹோட்டல் முதலாளி நாற்காலி போட்டு உட்கார்ந்தார். உருளியில் தேங்காய்ப்பால் கொதி வரும் நேரம், அடுப்பு இரண்டு முறை இருமிவிட்டு அணைந்தது.

கொல்லைக்கு ஓடினேன். தொட்டியின் வாயெல்லாம் வெள்ளைப் பொடி. பக்கத்தில் பிளீச்சிங் பவுடரின் காலிப் பை. பின்னால் அத்தான், பட்டு வேட்டியில், பெருமையோடு.

"கல்யாணத்துக்குக் கிணத்துல இட்டதுல மிச்சம் இருந்துது மக்கா. நேத்து சாயங்காலம் அதை ஒக்க இதுல தட்டினேன். சம்பந்திமாரு மூக்கைப் பொத்தப்பிடாது பாரு!"

"அத்தான், அதுல உயிருள்ள கிருமி உண்டு! அதுதான் வாயு தரும்!"

"கிருமியா? அதைக் கொல்லத்தானே எலே பிளீச்சிங் பவுடர்!"

அந்த உருளியை அவர் தலையில் கவிழ்க்க வேண்டும்போல் இருந்தது. கல்யாண வீடு, அக்கா வேறு பார்த்துக்கொண்டிருந்தாள். பல்லைக் கடித்துக்கொண்டேன். ஹோட்டல் முதலாளி எழுந்து என் தோளைத் தட்டினார். "மோனே, எனக்கு சிலிண்டர் தன்னெ மதி, அதே போதும்" என்றவர், கல்யாணச் சமையலுக்கு வந்திருந்த சிலிண்டரில் காய்ச்சி முடித்த பாயசத்தை இரண்டு முறை வாங்கிக் குடித்துவிட்டுத்தான் போனார்.

பழைய முதலாளியின் காலில் விழுந்தேன். இப்போதும் அங்கேதான் இருக்கிறேன். எங்கள் குடும்பத்தில் எந்த வீட்டில் அடுப்பு அணைந்தாலும், "அத்தான் வந்துட்டுப் போனாரோ?" என்பார்கள். எல்லாரையும்விட உரக்கச் சிரிப்பவர் அவர்தான். சிரித்து முடித்துவிட்டு என் பக்கம் திரும்புவார்.

"ஆனாலும் உள்ளதைச் சொல்லு மக்கா. அன்னைக்குக் கல்யாணத்துல நாத்தம் உண்டுமா?"

இல்லை. ஒரு பொட்டு நாற்றம்கூட இல்லை. அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.