ரிஜெக்ட் நைனாவின் சுவர் கிரிக்கெட்

அம்பத்தூர் தொழிற்பேட்டையில் அந்தக் காலத்தில் ஓடிய கம்பெனிகள் அத்தனையிலும் சேர்த்து, வட்டப் பலகையில் இறகு ஊசி எறிவதில் ஆக மோசமான கை யாருடையது என்று கேட்டால் நான் யோசிக்கவே மாட்டேன். எங்கள் ரிஜெக்ட் நைனாவுடையதுதான். அந்த ஆட்டத்துக்கு ஆக நல்ல மூளை யாருடையது என்று கேட்டாலும் அதே பதில். இரண்டும் ஒரே உடம்பில் எப்படிக் குடித்தனம் நடத்தின என்பதை இன்றுவரை என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை.

எழுபதுகளின் தொடக்கம். பம்பு செய்யும் கம்பெனி எங்களுடையது. மிஷின் ஷாப்பில் கடைந்து வரும் இரும்பு வளையங்களை அளந்து பார்த்து, சரியாக இருந்தால் தட்டில் வைப்பதும், தப்பாக இருந்தால் "ரிஜெக்ட்" என்று சிவப்புச் சாக்பீஸால் பெருக்கல் குறி போட்டுத் திருப்பி அனுப்புவதும் இன்ஸ்பெக்‌ஷன் வேலை. அந்த டிபார்ட்மெண்டில் மொத்தமே இரண்டு பேர். அளப்பது நைனா, நோட்டில் எழுதுவது நான். அவருடைய சொந்தப் பெயர் வருகைப் பதிவேட்டுக்கு மட்டும்தான் தெரியும்.

அளக்கும் வியாதி எங்கள் அறைக்கு வெளியேயும் அவரை விடவில்லை. கேன்டீனில் இட்லிக்குக் காலிப்பர் வைத்து, "நேத்து இட்லியவிட குள்ளமாக் கீது" என்று தட்டோடு திருப்பி அனுப்புவார். அண்ணன் மகனுக்குப் பெண் பார்க்கப் போன இடத்தில் பெண்ணைப் பார்க்காமல் நிலைப்படியையே பார்த்துக்கொண்டிருந்து, "வாசக்கால் கோணல்" என்று தீர்ப்பு சொன்னார். கல்யாணம் நிற்காமல் போனதே பெரிய விஷயம். அண்ணனூர் ஸ்டேஷனில் ஒருநாள் ரயில் பெட்டிக்கும் பிளாட்பாரத்துக்கும் நடுவில் எவ்வளவு இடைவெளி என்று குனிந்து பார்த்துக்கொண்டே இருந்ததில் ரயில் போய்விட்டது. ஒரு மணி நேரம் லேட்டாக வந்தவரை நான் விசாரித்தேன்.

"ரயிலு போனா போவுது தொரை. நாலரை இஞ்சு கீது, தெரியுமா ஒனக்கு?"

எனக்குத் தெரியாது. தெரிந்துகொண்டதில் ஒரு சந்தோஷம் இருந்தது என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

அந்த வட்டப் பலகை எங்களுக்கு வந்த கதை இது. புது மிஷின் பூட்டுவதற்காக வந்திருந்த ஒரு வெள்ளைக்காரர், ஊருக்குத் திரும்பும்போது அதையும் ஆறு இறகு ஊசிகளையும் சாப்பாட்டுக் கூடத்துச் சுவரில் விட்டுவிட்டுப் போனார். அதில் ஆடச் சொல்லிக் கொடுத்த ஆட்டத்துக்குக் கிரிக்கெட் என்று பெயர். மட்டையும் இல்லை, பந்தும் இல்லை, ரன் மட்டும் உண்டு. நாங்கள் சுவர் கிரிக்கெட் என்று வைத்துக்கொண்டோம். பதினைந்திலிருந்து இருபது வரை ஆறு எண்கள், ஏழாவதாக நடு வட்டம். ஒரு எண்ணை மூன்று தடவை அடித்தால் அந்த வீடு உங்களுடையது. அதற்குப் பிறகு அங்கே குத்தும் ஒவ்வொரு ஊசிக்கும் அந்த எண் அளவுக்கு ரன். எதிராளியும் அதையே மூன்று தடவை அடித்துவிட்டால் கதவு சாத்தியாச்சு, அப்புறம் யாருக்கும் ரன் கிடையாது. ஏழையும் முதலில் முடித்து, ரன்னிலும் பின்தங்காமல் இருப்பவர் ஜெயித்தவர்.

இது வெறும் விளையாட்டாகத்தான் இருந்தது, மேனேஜர் அறைக்குப் புது ஃபேன் வரும்வரை. கழற்றிய பழைய ஃபேனுக்கு எல்லா டிபார்ட்மெண்டும் கை நீட்டியது. யாருக்குக் கொடுத்தாலும் மற்றவன் சண்டைக்கு வருவான் என்று பயந்த மேனேஜர், டிபார்ட்மெண்டுக்கு இரண்டு பேர் சுவர் கிரிக்கெட் ஆடுங்கள், ஜெயிப்பவர்களுக்கு ஃபேன் என்று அறிவித்துவிட்டார்.

எங்கள் அறைக்கு ஆஸ்பெஸ்டாஸ் கூரை. சித்திரை மாசத்தில் உள்ளே வந்தவர்கள் பாதிப் பேச்சில் வெளியே ஓடிவிடுவார்கள். நைனாவின் கவலை வேறு. வியர்வைக் கையால் தொட்டால் அளவுக் கருவிகள் துருப்பிடிக்கும். ஃபேன் வேண்டும் என்று இரண்டு வருஷமாக அவர் மனு மேல் மனு எழுதிக்கொண்டிருந்தார். அறிவிப்பைக் கேட்டதும் என்னைக் கூப்பிட்டு, "அந்த ஃபேனு நம்ம ரூம்ல சுத்தணும்" என்றார். நான் ஊசி எறிவதே உருப்படியாக இல்லை, அவருடையதோ பலகையில் பட்டாலே அதிசயம்.

மறுநாளே சாப்பாட்டு நேரத்தில் பலகைமேல் ஒரு காகிதத்தை ஒட்டி, நடுவைப் பார்த்து என்னை நூறு தடவை எறியச் சொன்னார். எறிந்து முடித்ததும் பூதக்கண்ணாடியை வைத்து ஓட்டைகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

"இன்னா நைனா தேடறீங்க?"

"உன் தப்பைத் தேடறேன். எப்பவும் ஒரே மாதிரி தப்பு பண்ற மிஷினு நல்ல மிஷினு தொரை. செட் பண்ணிக்கலாம். ஒரு நாளைக்கு ஒரு மாதிரி தப்பு பண்ணுதே, அதான் டேஞ்சரு."

"என் கை எப்பிடி?"

"நாலு விரலு கீழ போவுது. எப்பவும் போவுது. நல்ல மிஷினு. இனிமே நாலு விரலு மேல பாத்து அடி."

அடித்தேன். சொன்ன இடத்தில் போய்க் குத்தியது. எனக்கே கொஞ்சம் பயமாக இருந்தது.

அவருடைய காகிதத்தில் ஓட்டை குறைவு, சுவரில்தான் அதிகம். ஒரு ஊசி ஜன்னல் வழியாகப் போய் யாருடைய சைக்கிள் டயரையோ பதம் பார்த்திருந்தது. "உங்க கை?" என்று கேட்டேன்.

"ரிஜெக்ட்" என்றார், கண்ணைக்கூடச் சிமிட்டாமல். "அதுக்கும் வழி கீது. எல்லாரும் மேல கீற இருவதையே பாத்து அடிக்கிறானுங்க. இருவதுக்கு அக்கம்பக்கம் யாரு? அஞ்சும் ஒண்ணும். தப்புனா ஒண்ணும் தேறாது. கீழ பாரு. பதினாறு, பத்தொம்பது, பதினேழு, பதினஞ்சு, நாலும் ஒரே தெருவுல கீது. நடுநடுவுல ஒரு சின்ன ஊடு, அவ்ளோதான். நான் பதினேழைப் பாத்து அடிச்சா யார் ஊட்லனா வுழும்."

அன்றுதான் பலகையை நான் முதன்முதலாக உற்றுப் பார்த்தேன். அத்தனை நாள் தினமும் எதிரே உட்கார்ந்து மோர் சாதம் சாப்பிட்டவன், எண்கள் எந்த வரிசையில் இருக்கின்றன என்றே கவனித்ததில்லை.

"எப்ப ரன் எடுக்கணும், எப்ப கதவைச் சாத்தணும்?" என்று அடுத்த சந்தேகத்தைக் கேட்டேன்.

"பின்னால கீறப்போ ரன் எடு. முன்னால பூட்டியா, அவன் கதவைச் சாத்து. பின்னால இருந்துகினு சாத்துனா, தோத்துகினே சாத்துவே."

சனிக்கிழமை அரை நாள் வேலை முடிந்ததும் போட்டி. ஜெயிப்பவர்கள் தூக்கிக்கொண்டு போக வசதியாக ஃபேனை வாசலிலேயே வைத்திருந்தார்கள். மேனேஜரே சாக்பீஸும் கையுமாக நின்றார். ஸ்டோர்ஸ், பெயிண்டிங் எல்லாரையும் எப்படித் தாண்டினோம் என்பது எங்களுக்கே புரியவில்லை. கடைசி ஆட்டத்தில் எதிரே மிஷின் ஷாப். அவர்களுக்கு அந்தோணி.

அந்தோணி ஆவடிக்காரன், லேத்தில் கெட்டிக்காரன். வளையம் திரும்பி வரும்போதெல்லாம் எங்கள் வாசலில் நின்று, "வேணும்னே பண்றான்யா" என்று கத்துவான். நைனாவுக்கும் அவனுக்கும் அளவு சம்பந்தமில்லாமல் ஒரு பேச்சு நடந்து நான் பார்த்ததில்லை.

அந்தோணி இருபதைப் பிடித்துக்கொண்டு அறுபது, எண்பது என்று ஏறினான். எனக்குக் கை பரபரத்தது. "இருபதைச் சாத்திடட்டுமா?" என்றேன். "பின்னால கீறோம்" என்றார் நைனா. நான் நாலு விரல் மேலே பார்த்து மூன்று தடவை அடித்துப் பத்தொன்பதைத் திறந்தேன். நைனா பதினேழைக் குறிவைத்துப் பதினாறிலும் பதினைந்திலும் குத்திவிட்டு, இரண்டும் நமக்கு வேண்டியதுதான் என்று திரும்பி வந்தார். பிறகு பதினேழையும் திறந்தோம். ரன்னில் முந்திய உடனே இருபதைச் சாத்தினோம். மிஷின் ஷாப் கூட்டத்தில் சத்தம் குறைந்தது.

அவர்கள் பதினைந்தைத் திறந்து எட்டிப் பிடித்ததில், கடைசியில் இரண்டு பக்கமும் நூற்று நாற்பது. ஆறு எண்களும் இரண்டு பேருக்கும் முடிந்துவிட்டன. பாக்கி நடு வட்டம். எங்களுக்கு இன்னும் ஒன்று வேண்டும், அவர்களுக்கு இரண்டு. முறை நைனாவுடையது, கையில் மூன்று ஊசி.

முதல் ஊசி சுவரில். இரண்டாவது மேனேஜரின் செருப்புக்குப் பக்கத்தில். மூன்றாவது நடுவில் நின்றது.

கூடமே அலறியது. மேனேஜர் கோடு போட்டுவிட்டார். நான் கட்டிப்பிடிக்கலாம் என்று திரும்பினால் ஆளைக் காணோம். பலகைக்கு முன்னால் பூதக்கண்ணாடியோடு நின்றுகொண்டிருந்தார்.

"ஊசி சாஞ்சி கீது சார். வாலுதான் உள்ள கீது. மொனை வட்டத்துக் கம்பிக்கு வெளிய கீது. ரிஜெக்ட்."

"நான் கோடு போட்டாச்சே!" என்றார் மேனேஜர்.

"அழிச்சுடுங்க சார்."

"நைனா, நம்ம ரூமு நைனா! ஃபேனு!" என்று நான் கெஞ்சினேன். அவர் திரும்பிப் பார்க்கவில்லை. அந்தோணிகூட அருகில் போய்ப் பார்த்துவிட்டு, "மயிரிழைதான் நைனா. நான் ஒண்ணும் சொல்லல. வுட்டுடு" என்றான்.

"உன் வளையத்துக்கு மயிரிழைன்னு நீ சொல்றப்போ என்னிக்கினா வுட்டுகீறேனா?"

மேனேஜர் கோட்டை அழித்தார். அந்தோணி மூன்று ஊசி எறிந்தான், இரண்டு நடுவில் குத்தின. ஃபேன் எங்கள் கண் முன்னாலேயே மிஷின் ஷாப்புக்குப் போனது.

நாலு நாள் அவரிடம் நான் பேசவில்லை. ஐந்தாம் நாள் அந்தோணி ஒரு தட்டு வளையம் கொண்டுவந்தான். நைனா அளந்து பதினொன்றைத் திருப்பிக் கொடுத்தார். அந்தோணி கத்தவில்லை. "இன்னா அளவுல போச்சு நைனா?" என்று மட்டும் கேட்டு, அவர் காட்டியதைப் பார்த்துவிட்டு எடுத்துக்கொண்டு போனான். எனக்கு வந்த ஆச்சரியத்தில் நோட்டில் பதினொன்றை இரண்டு தடவை எழுதிவிட்டேன்.

அன்று மத்தியானம் நைனா பையிலிருந்து ஒரு பனையோலை விசிறியை எடுத்து வீசத் தொடங்கினார். தன் கருவிகள் துருப்பிடிக்காமல் இருக்கத்தான் இந்த ஏற்பாடு என்று நினைத்து, இன்னும் எரிச்சலோடு குனிந்து எழுதிக்கொண்டிருந்தேன். ஏதோ எடுக்க நிமிர்ந்தபோதுதான் கவனித்தேன். கருவிகள் எல்லாம் பெட்டிக்குள் மூடிக் கிடந்தன. அவர் சட்டை நனைந்து முதுகில் ஒட்டியிருந்தது. காற்று முழுக்க என் பக்கம் வந்துகொண்டிருந்தது.

அந்த மனிதரை எனக்கு எவ்வளவு பிடிக்கும் என்பது அப்போது தெரிந்தது. கோபமாக இருப்பதுபோல் முகத்தை வைத்துக்கொண்டு, எழுதி முடித்த பக்கத்தையே இன்னொரு தடவை மெதுவாக எழுதினேன்.