பரியாரியார் நாக்கில் வைத்த மருந்து

போன வருஷம்வரை என் வயிறு எனக்கு ஒருநாளும் துரோகம் செய்ததில்லை. நான்தான் ஒருமுறை அதன் பெயரைச் சொல்லிப் பொய் சொன்னேன். பதினாறு வயதில் சொன்ன அந்தப் பொய்க்கு எழுபது வயதிலும் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

சிரம்பானில் பிறந்தவன் நான். அப்பாவுக்கு அங்கே ரயில்வேயில் கிளாக்கர் வேலை. மலாயாவில் பிறந்த பிள்ளைகள் கெட்டுப்போகாமல் இருக்க வேண்டுமானால் யாழ்ப்பாணத்துக்கு அனுப்பிப் படிப்பிக்க வேண்டும் என்று உலக யுத்தத்துக்கு முந்தின அந்தக் காலத்து அப்பாமார் எல்லோரும் நம்பினார்கள். (கெட்டுப்போக எனக்கு ஒரு சந்தர்ப்பமும் வாய்க்கவில்லை என்பது வேறு கதை.) சண்டிலிப்பாயில் அப்பாவின் பள்ளித்தோழர் அம்பலவாணர் புகையிலைத் தோட்டம் செய்துகொண்டிருந்தார். அவர் வீட்டில் தங்கி நான் கல்லூரிக்குப் போவது என்று கடிதத்திலேயே முடிவாயிற்று. பொறுப்பாளர் ஒருவர் கையெழுத்து வைத்தால்தான் இடம் தருவேன் என்று கல்லூரி அதிபர் சொல்லியிருந்தார். நான் போய் இறங்கியபோது கல்லூரி திறக்க ஒரு கிழமை இருந்தது. அம்பலவாணர் மாமா இன்னும் கையெழுத்து வைக்கவில்லை.

என் றங்குப்பெட்டியின் அடியில், இரண்டு காற்சட்டைகளுக்கு நடுவே, ஓலையில் சுற்றிய, செங்கல் அளவில் ஒரு பெலாச்சான் கட்டி இருந்தது. கூனி இறாலை உப்புப் போட்டு இடித்து, புளிக்க வைத்து, வெயிலில் காயவிட்டுச் செய்கிற சாமான் அது. மலாயாவில் அதைச் சுட்டு மிளகாயோடு இடித்துச் சம்பலாகத் தின்போம். அது இல்லாமல் எனக்குச் சோறு இறங்காது. சுடாத பெலாச்சானின் மணத்தை எழுத்தில் சொல்ல முடியாது. சொன்னால் நீங்கள் வாசிப்பதை நிறுத்திவிடுவீர்கள்.

அம்பலவாணர் வீடு மச்சம் புழங்காத வீடு. மீன் சட்டி அந்தப் படலை தாண்டி உள்ளே வந்ததே இல்லை. அப்பா இதைக் கப்பலடியில் நின்று படித்துப் படித்துச் சொன்னாராம். நான் கப்பலைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

முதல் நாள் பின்னேரம் படுக்கை விரிக்க வந்த மாமி வாசலிலேயே நின்றுவிட்டார்.

"தம்பி, இஞ்சை ஏதோ மணக்குது. எலி கிலி செத்துக் கிடக்கோ?"

"இல்லை மாமி. அது என்ரை மருந்து."

"மருந்தோ? உமக்கென்ன வருத்தம்?"

யோசிக்க நேரமில்லை. "வயித்துவலி" என்றேன்.

மத்தியானம்தான் அந்த வீட்டில் முருங்கைக்காய்க் கறியும் கத்தரிக்காய்ப் பொரியலும் கண்டிருந்தேன். அதற்குப் பிறகு கண்ணால் மட்டும்தான் கண்டேன். மூன்று வேளையும் எனக்குக் கஞ்சி. இடையிடையே மல்லித்தண்ணி. "இப்ப நோ எப்பிடி?" என்று மாமி கேட்பார். நோகுது என்றால் இன்னொரு கோப்பை கஞ்சி. நோகவில்லை என்றால், "பாத்தீரே, கஞ்சி வேலை செய்யுது, விடக்கூடாது" என்று இன்னொரு கோப்பை கஞ்சி. என்ன பதில் சொன்னால் பிட்டுக் கிடைக்கும் என்று மூன்று நாள் யோசித்தேன். அப்படி ஒரு பதில் இல்லை. பெட்டிக்குள் பெலாச்சான் இருந்தும் பயனில்லை. அந்த அடுப்பில் அதை எப்படிச் சுடுவது?

நான்காம் நாள் காலையில் மாமா நாட்டு வைத்தியம் பார்க்கும் ஊர்ப் பரியாரியாரைக் கூட்டிக்கொண்டு வந்தார். நெற்றி நிறைய விபூதி பூசிய மெலிந்த மனிதர். என் கையைப் பிடித்து நெடுநேரம் நாடி பார்த்தார்.

"நாடியிலை ஒரு குறையும் தெரியேல்லை. உதுதான் எனக்குப் பயமாக் கிடக்கு" என்றார். பிறகு, "அந்த மலாயா மருந்தை ஒருக்கால் எடுத்துக்கொண்டு வாரும். நாக்கிலை வைச்சால் என்ன மூலிகையெண்டு சொல்லிப்போடுவன்" என்றார்.

தேவாரம் பாடாமல் தண்ணீர்கூடக் குடிக்காத மனிதர் அவர். நான் அறைக்குள் போனேன், கட்டியை எடுத்தேன், பின்கதவால் வெளியே வந்தேன். வளவில் ஒளிக்க ஒரு இடம் இல்லை. எதிரே கிணறு. கட்டி தண்ணீரில் விழுந்த சத்தம் கேட்டதும் என் கஷ்டமெல்லாம் தீர்ந்தது என்று நினைத்தேன். (சிரம்பானில் எங்களுக்குக் குழாய்த் தண்ணீர். கிணற்றில் போட்டது கிணற்றிலேயே இருக்கும் என்ற சின்ன விஷயம் எனக்குத் தோன்றவில்லை.) உள்ளே வந்து, "மருந்து முடிஞ்சுபோச்சு" என்றேன்.

அடுத்த நாள் காலையில் என் கஞ்சியே பெலாச்சான் மணத்தது. உண்மையைச் சொன்னால், நாலு நாளில் நான் ருசித்துக் குடித்த முதல் கஞ்சி அதுதான். மற்றவர்களுக்கு அப்படி இருக்கவில்லை. மாமா கிணற்றை எட்டிப் பார்த்து, "ஏதோ விழுந்து செத்திருக்கு. முழுக்க இறைக்க வேணும்" என்றார்.

அயலிலிருந்து இரண்டு பேர் வந்து துலாவில் ஏறினார்கள். அந்த நீண்ட மரத்தில் அவர்கள் முன்னும் பின்னும் நடந்து மிதிக்க, கிணற்றடியில் மாமா தண்ணீர் அள்ளி வந்த பட்டையைப் பிடித்துத் தண்ணீரை வாய்க்காலில் ஊற்றினார். நானும் வாறன் என்று எழும்பினேன். "வருத்தக்காரப் பிள்ளை, நீர் இரும்" என்று மாமி ஒரு கதிரையை நிழலில் போட்டு என்னை இருத்தினார். நான் செய்த வேலைக்கு மூன்று பேர் வேர்வை சிந்த, நான் கதிரையில் இருந்து மல்லித்தண்ணி குடித்தேன். அந்தக் கட்டி கரைந்து போயிருக்க வேண்டும் என்று எல்லாக் கடவுளையும் கும்பிட்டேன். பெலாச்சான் அவ்வளவு லேசில் கரையாது.

உச்சி வெயிலில், என்னைப் பார்க்கப் பரியாரியார் வந்து சேர்ந்த நேரம் பார்த்து, அது பட்டையில் வந்தது. மாமா ஓலையைப் பிரித்தார்.

"பொறும் அம்பலவாணர். இந்த ஊரிலை இல்லாத சாமான். உது தம்பியின்ரை மருந்தல்லோ" என்று பரியாரியார் ஒரு துண்டைக் கிள்ளினார்.

எனக்கு வாய் வரவில்லை. விரல் நாக்கில் பட்ட பிறகுதான் வந்தது.

"ஐயா, அது இறால்."

பரியாரியார் விரலை எடுக்கவும் இல்லை, வாயை மூடவும் இல்லை. கொப்பளிக்கத் தண்ணீர் கேட்டுச் சைகை காட்டினார். அந்த வளவில் இருந்த தண்ணீர் எல்லாம் அதே தண்ணீர். நாக்கை வெளியே நீட்டியபடியே கால் மைல் தூரம் தன் வீட்டுக் கிணற்றுக்கு நடந்து போனார். வழியில் இரண்டு பேர் சுகம் விசாரித்தார்களாம். அவர் நிற்கவில்லை.

நான் எல்லாவற்றையும் சொன்னேன். கையெழுத்துப் போய்விட்டது, கல்லூரி போய்விட்டது, அடுத்த கப்பலில் சிரம்பானுக்குப் போய் அப்பாவின் முகத்தில் முழிக்க வேண்டும் என்று தெரிந்துகொண்டே சொன்னேன். "நான் போறன் மாமா" என்று முடித்தேன்.

முதலில் கதைத்தவர் மாமிதான். "நாலு நாள் வெறும் கஞ்சி குடிச்சியே. பசிக்குது எண்டு ஒரு சொல்லுச் சொன்னியோ நீ?"

அதுவரை 'நீர்', 'உமக்கு' என்று விருந்தாளியாகக் கதைத்தவர் அன்றுதான் என்னை 'நீ' என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

மாமா பட்டையை உதறினார். "கையெழுத்து வைக்கிறன். முதல்லை துலாவிலை ஏறு. மிச்சத்தை நீ மிதி."

பொழுதுபடும்வரை மிதித்தேன். உள்ளங்கால் இரண்டும் கொப்பளித்துவிட்டன. அதோடு முடிந்தது என்று நினைத்தால், அன்றைக்குப் பிட்டுப் போட்டுக்கொண்டே மாமி சொன்னார்: "வெள்ளிக்கிழமை பிள்ளையார் கோயிலிலை நீ பிரதட்டை செய்ய வேணும். வருத்தம் மாறினால் உன்னை உருளப்பண்ணுறன் எண்டு நேத்தி வைச்சிட்டன்."

"எனக்கு வருத்தமே இல்லையே மாமி."

"இப்ப இல்லைத்தானே. அப்ப மாறிட்டுது."

இதற்கு எந்தக் கல்லூரியிலும் மறுமொழி சொல்லித்தர மாட்டார்கள். வெள்ளிக்கிழமை ஈரவேட்டியோடு கோயில் வீதியைச் சுற்றி மணலில் உருண்டேன். பரியாரியார் முன்னால் நின்று பார்த்தார். மற்றச் சனத்துக்கும் அவரே விளக்கம் சொன்னார்.

அந்த வீட்டில் ஐந்து வருஷம் இருந்து படித்தேன். என் கலியாணத்தன்று மாமி மணப்பெண்ணைப் பக்கத்தில் இருத்தி முழுக் கதையையும் சொல்லிவிட்டார். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போக மனமில்லாத பிள்ளைக்கு வருவது காய்ச்சலோ தலையிடியோ அல்ல, 'மலாயா வயித்துவலி'.

போன வருஷம் எனக்கு உண்மையாகவே வயிற்றைப் பிடித்துக்கொண்டது. இரண்டு நாள் சுருண்டு கிடந்தேன். மனைவி சிரித்தாள், பிள்ளைகள் சிரித்தார்கள், பேத்தி ஒரு கோப்பை கஞ்சி கொண்டுவந்து வைத்தாள். மூன்றாம் நாள் ஆஸ்பத்திரியில் குடல்வால் வெட்டி எடுத்தார்கள். மயக்கம் தெளிந்து கண் திறந்தபோது தாதிப்பெண் குனிந்து கேட்டாள்:

"ஐயா, இதுக்கும் உருளுவியளோ எண்டு உங்கடை வீட்டுக்கார அம்மா கேட்கச் சொன்னவ. என்னத்தை உருளுறது?"