மாப்பிள்ளைக் காருக்கு வீட்டு வயர்

காருக்குள் இருந்தவர்கள்: ஓட்டுவதற்கு என் அண்ணன், காக்கா. முன் சீட்டில் வாப்பா. பின் சீட்டில் மாப்பிள்ளையாகிய நான். டிக்கியில் பாட்டுச் சத்தத்தைக் கூட்டும் ஆயிரம் வாட் அம்ப்பும் இரண்டு பாஸ் ஸ்பீக்கர் பெட்டியும். அவற்றையும் ஆளாகக் கணக்கெடுங்கள். எங்களைவிட அவைதான் அதிகம் கதைத்தன.

கல்முனையிலிருந்து நிந்தவூருக்கு, என் நிக்காஹ்வுக்குப் போகிறோம். போட்டது இஸ்லாமியப் பாட்டுத்தான். (பாஸ் மட்டும் கொஞ்சம் கூட.)

நான் வீட்டு வயரிங் செய்பவன். பெண் வீட்டார் சீதனமாகக் கட்டிய வீட்டுக்கும் நானே வயர் இழுத்தேன். மிஞ்சிய வயரைக் கார் பெட்டரியிலிருந்து கார்ப்பெட்டுக்குக் கீழால் அம்ப்புக்குக் கொடுத்தேன்.

கார் சாமான் கடைக்காரர் முன்பே சொன்னார். "தம்பி, இதுக்கு விரல் மொத்தத்தில தடிச்ச வயர் வேணும். பெட்டரிக்குப் பக்கத்தில பியூசும் போடுங்க."

"இருநூத்தி முப்பது வோல்ட்டத் தாங்குற வயர், பன்னெண்டு வோல்ட்டத் தாங்காதா?" என்று கேட்டேன். அவர் பில்லை எழுதினார். வென்றுவிட்டேன் என்று நினைத்தேன்.

வழியில் காரைதீவைக்கூடத் தாண்டவில்லை.

"என்ட கால் சுடுதுடா" என்றார் வாப்பா.

"வெயில், வாப்பா."

"வெயில் கீழால இருந்தாடா வாற?"

புகை வந்தது. இறங்கி ஓடி வயரைப் பிடுங்கினேன். காரின் சொந்த வயர்களும் அதோடு உருகி ஒட்டியிருந்தன. சாவியைத் திருப்பினால் சத்தமே இல்லை.

பெண்ணின் தம்பி, என் மச்சான், எனக்குப் போன் எடுத்தான். "மச்சான், எங்க நிக்கிறீங்க? மௌலவிக்கு அசர் தொழுகைக்குப் பொறகு வேற நிக்காஹ் ஒண்டு இரிக்கு. போகப் போறாராம்."

அந்த நேரம் ஒரு வெள்ளாமைக்காரர் உமி ஏற்றிய உழவு மெசினில் வந்தார். காரைப் பார்த்தார். "அடுப்பா ஆக்கிட்டீங்க போல. ஏறுங்க. உமி ஒட்டும்."

காக்காவைக் காருக்குக் காவல் வைத்தேன். வாப்பாவோடு ஏறி, அம்ப்பை என் மடியில் வைத்தேன்.

நிக்காஹ் நடக்கும் அந்தச் சீதன வீட்டு வாசலில் பெண்ணின் வாப்பா, என் மாமா, நின்றார். "மாப்புள, கார் எங்க?"

"வயர் எரிஞ்சிட்டு, மாமா."

"என்ன வயர்?"

நான் பொய் சொல்வதில்லை. "இந்த ஊட்டுக்குப் போட்ட அதே வயர்."

யாரோ ஓடிப்போய் மெயின் சுவிட்சை நிறுத்தினார். ஃபேன் நின்றது. மைக் செத்தது.

"என்ட புள்ளய எப்படி இந்த ஊட்டில வைக்கிற?" என்றார் மாமா.

"ஊட்டுக்கு இது சரி. காருக்குத்தான் பிழ."

ஒருவரும் நம்பவில்லை. எல்லாரும் என் சட்டையில் ஒட்டிய உமியைப் பார்த்தார்கள். மாமா வாசலை விட்டு அசையவில்லை. கடைசியில் மௌலவிதான் வாய் திறந்தார். "மாப்புள எரியல்லதானே? உக்காருங்க. எனக்கு நேரமில்ல."

வியர்த்து ஊற்ற நிக்காஹ் முடிந்தது.

இன்னொரு வயரிங்காரர் வந்து பார்த்துச் சரி என்று சொல்லும்வரை மெயினைப் போட மாமா விடவில்லை. மூன்று நாள் மெழுகுதிரி. வீட்டு வயரிங்கில் ஒரு பிழையும் இல்லை. (அதை ஒருவரும் சொல்லிக் காட்டுவதில்லை.) வந்தவர் மச்சானுக்கு முன்னால் கணக்கையும் சொல்லிவிட்டுப் போனார்: வாட்டை வோல்ட்டால் பிரித்தால் வயரில் ஓடும் ஆம்பியர். வோல்ட் குறைந்தால் ஆம்பியர் ஏறும். ஆயிரம் வாட்டுக்கு வீட்டில் நாலு சொச்சம் ஆம்பியர் ஓடும் இடத்தில், காரில் வயரே உருகும்.

அம்ப்பை நான் கழற்றவில்லை. விரல் மொத்தத்தில் தடித்த வயர் போட்டேன். பியூஸ் போட்டேன். பெட்டரிக்குக் கரண்ட் கொடுக்கும் ஒல்டனேட்டரையும் பெரிதாகப் போட்டேன். பாட்டை ஒரு புள்ளியும் குறைக்கவில்லை.

இன்றும் எந்தக் கல்யாண வீட்டிலும் சோறு வைத்ததும் மச்சான் சபை நடுவில் கேட்பான். "மச்சான், ஆயிரத்தப் பன்னெண்டால பிரிச்சா எவ்வளவு?"

எல்லாரும் சிரிப்பார்கள். நான் தலை குனிவேன் என்று பார்ப்பார்கள். நான் இறைச்சியை மென்று விழுங்கிவிட்டுச் சொல்வேன்.

எண்பத்து மூன்று.