வழவழ வராந்தா

"அப்பா, ரெண்டும் எண்டோபிளாஸ்மிக் ரெட்டிகுலம்தான். அப்புறம் ஏன் ஒண்ணு ரஃப், இன்னொண்ணு ஸ்மூத்? நாளைக்கு டெஸ்ட்ப்பா, ஜல்தி சொல்லு."

'தெரியாது' என்று சேஷன் சொல்லியிருக்கலாம். ஆனால் மத்திய சர்க்கார் ஆபீசில் இருபத்திரண்டு வருஷமாகத் தெரியாத விஷயங்களுக்கெல்லாம் குறிப்பு எழுதிப் பழகியவருக்கு அந்த ஒரு வார்த்தை மட்டும் வாயில் வராது. பயாலஜி அவருக்குப் பள்ளிக்கூடத்துத் தவளையோடு முடிந்துபோன சமாசாரம். இருந்தாலும் மகள் விஜியின் புத்தகத்தை வாங்கி, ஃபைல் பார்ப்பதுபோல் இரண்டு தரம் புரட்டினார்.

"இங்க பாரு. செல்லுக்குள்ள ஒரு நீள வராந்தான்னு வெச்சுக்கோ. அதுல பாதி எங்க செக்ஷன். குமாஸ்தாக்கள் வரிசையா ஒட்டிண்டு உக்காந்திருக்கோம். புள்ளி புள்ளியா இருக்கே, ரைபோசோம், அது நாங்கதான். அதனால பாக்க சொரசொரன்னு இருக்கு. அது ரஃப். புரோட்டீன் தயார் பண்றது, அதாவது நிஜ வேலை, அங்கதான் நடக்கறது."

"ஸ்மூத்?"

"அதே வராந்தாவோட மறுபாதி. அண்டர் செக்ரட்டரி ரூம் இருக்கற பக்கம். ரைபோசோம் ஒண்ணுகூடக் கிடையாது. வழவழன்னு இருக்கும். அங்க உற்பத்தி ஆறது கொழுப்பு மட்டும்."

விஜி விழுந்து விழுந்து சிரித்தாள். உள்ளே சப்பாத்தி இட்டுக்கொண்டிருந்த காமாக்ஷியும் சிரித்தாள். கல்யாணமாகிப் பதினெட்டு வருஷத்தில் அவர் சொன்ன ஒன்றுக்கு அவர் மனைவி சிரித்தது அதுதான் முதல் தடவை. சேஷனுக்குத் தலைகால் புரியவில்லை. டில்லி கோல் மார்க்கெட் குவார்ட்டர்ஸில் இப்படியொரு வாத்தியார் வீணாகப் போகிறாரே என்று தன்மேல் தனக்கே இரக்கமாக இருந்தது.

மறுநாள் சாயங்காலம் விஜி குதித்துக்கொண்டு வந்தாள்.

"அப்பா, நீ சொன்னதை அப்படியே எழுதிட்டேன்! புது டீச்சர் ரொம்ப நல்லவ. தமிழ்க்காராதான். மிஸஸ் சாந்தகுமாரி ஜோதிலிங்கம்."

சேஷன் கையிலிருந்த டபரா சாய்ந்து காபி வேட்டியில் கொட்டியது. ஜோதிலிங்கம் என்பது அந்த வழவழ வராந்தாவில் உட்கார்ந்திருக்கும் அண்டர் செக்ரட்டரியின் பெயர். டில்லி எவ்வளவு பெரிய ஊரானாலும் இரண்டு ஜோதிலிங்கம் இருக்க நியாயமில்லை. மார்ச் மாதக் கடைசியில் சேஷனைப் பற்றிய ரகசிய அறிக்கையை எழுதப்போகிற பேனா அவருடையது. 'மிக நன்று' என்று விழுந்தால் செக்ஷன் ஆபீசர். இல்லாவிட்டால் ரிடையர் ஆகும்வரை ரைபோசோம்தான்.

"கொழுப்பை எழுதினியாடி?"

"அதுதானேப்பா மெயின் பாயிண்ட்!"

ராத்திரி முழுக்க யோசித்து சேஷன் ஒரு வழி கண்டுபிடித்தார். டீச்சர் வீட்டில் பேப்பர் திருத்தி முடிக்கும்வரை புருஷனை வீட்டுப் பக்கம் விடக்கூடாது. மறுநாள் மாலை ஐந்து மணிக்கு, தூசி படிந்து கிடந்த மூன்று ஃபைல்களில் 'மிக அவசரம்' சீட்டு ஒட்டி, ஜோதிலிங்கத்தின் மேஜைமேல் அடுக்கினார்.

"மூணுமே அவசரமா? அச்சா. இங்க உக்காந்தா முடியாது சேஷன். நான் முன்னால போறேன். நீங்க இதைத் தூக்கிட்டு நம்ம வீட்டுக்கு வந்துடுங்க. சேர்ந்து உக்காந்து பாத்துடுவோம்."

டி.டி.சி. பஸ்ஸில் மூன்று ஃபைல்களையும் பச்சைக் குழந்தைபோல அணைத்துக்கொண்டு போனார் சேஷன். தன் கழுத்துக்குக் கயிறு திரித்தது போதாதென்று, அதை வீடு தேடிக் கொண்டுபோய்க் கொடுக்கிறவன் தான் ஒருவன்தான் என்று தோன்றியது.

ஜோதிலிங்கத்தின் வீட்டுக் கூடத்தில், மேஜைமேல், விடைத்தாள் கட்டு. சேஷன் சட்டென்று அதன்மேல் ஃபைல்களை வைத்து மறைத்தார். மூன்று ஃபைலும் சரிந்தன. கூடவே கட்டும் அவிழ்ந்து கூடம் பூராவும் பேப்பர். ஜோதிலிங்கம் குனிந்து காலடியில் கிடந்த ஒன்றை எடுத்து, மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்தார்.

அதற்குமேல் சேஷனால் தாங்க முடியவில்லை.

"சார், அது விளையாட்டாச் சொன்னது சார். ஸ்மூத்னா மட்டம்னு அர்த்தமில்லே. விஷத்தை முறிக்கறதே அதுதான்னு புஸ்தகத்துல போட்டிருக்கு. எம் பொண்ணுகிட்ட அதைச் சொல்ல விட்டுப் போச்சு."

ஜோதிலிங்கம் பேப்பரைத் தாழ்த்தினார். "என்ன விஷம்?"

"நாங்க எழுதி அனுப்பற டிராஃப்ட்தான் சார்."

"அப்ப ஸ்மூத் யாருய்யா?"

"நீங்கதான் சார்."

"கொழுப்பு?"

"உடம்புக்கு அதுவும் அவசியம் சார்."

காபித் தட்டோடு வந்த சாந்தகுமாரி வாசற்படியிலேயே நின்றுவிட்டாள்.

"அட, அந்த அப்பா நீங்கதானா? ஒருத்தியைப் பாத்து ஒருத்தி காப்பியடிச்சு, முப்பத்தெட்டுப் பொண்ணுங்களும் 'எங்கப்பா ஆபீஸ்ல'ன்னுதான் எழுதி வெச்சிருக்குதுங்க. எந்த அப்பா, எந்த ஆபீஸுன்னே புரியாம, காலையில இவரும் படிச்சுட்டு, 'பாவம், எந்த அண்டர் செக்ரட்டரியோ'ன்னு அந்த மனுஷனுக்காக வருத்தப்பட்டாரு!"