பேசினில் முளைத்த மீன்

ரூம் மூலையில் இருந்த பேசின் மறுபடியும் உஸ்ஸென்று மூச்சு விட்டது. பஷீர் முறத்தை எடுத்து அதை மூடினான்.

அதுதான் தப்பாகப் போயிற்று. பாய் எதையோ மூடி வளர்க்கிறான் என்று கல்மண்டபம் பேட்டையிலிருந்த அந்த வீட்டின் அத்தனை குடித்தனமும் பேச ஆரம்பித்தது.

பஷீர் பெரம்பூர் ரயில்வே பட்டறையில் ஃபிட்டர். மற்றவர்கள் சீட்டாடும் ஞாயிற்றுக்கிழமைகளில் அவன் மீன் எடுப்பான். கடலிலிருந்து அல்ல, கல்லிலிருந்து. அரியலூர்ச் சுண்ணாம்புக் கல்லுக்குள் பல கோடி வருஷமாகக் கிடக்கிற மீன். வினிகரில் ஊறப்போட்டால் கல் நுரைத்துக் கரையும், எலும்பு நிற்கும். வெளியே தலை காட்டியதை ஊசியால் சுரண்டி அரக்குப் பூச வேண்டும். ஈரத்தில் அசைத்தால் எல்லாம் மாவு.

நாற்றம் தெரியாமலிருக்கச் சாம்பிராணி போட்டான். ஜின்னுக்குப் படையல் என்றார்கள். வாசலில் யாரோ எலுமிச்சம்பழம் வைத்தார்கள். பயம் தெளியட்டுமென்று வீட்டுச் சொந்தக்காரி பவுனம்மாளைக் கூப்பிட்டு முறத்தைத் தூக்கிக் காட்டினான். போன வாரம் வெறும் கல்லாக இருந்த இடத்தில் ஒரு தாடை, வரிசைப் பல்லோடு, அவளைப் பார்த்து இளித்தது.

"இன்னா பாய், வளந்துகினே கீது?"

"வளரலம்மா. எப்பவோ செத்த மீனு."

"செத்தது எப்டி மூச்சு வுடும்?"

பஷீர் ரசாயனத்தை விளக்கினான். நடுவில் பேசின் ஏப்பம் விட்டது. விளக்கு வைப்பதற்குள் ரூமைக் காலி செய்யச் சொல்லிவிட்டு அவள் போய்விட்டாள்.

இத்தனைக்கும் வத்தி வைத்தது பின்கட்டு மீன்காரி மங்கைதான் என்று அவன் முடிவு கட்டியிருந்தான். வாயே திறக்காமல் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு பேசினையே பார்த்து நிற்கிறவள் வேறு யார்?

இருட்டிக்கொண்டு வந்தது. பேசினைத் தூக்கவும் முடியாது, விட்டுப் போகவும் மனமில்லை. அவன் அதைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது மங்கை உள்ளே வந்தாள். தலையில் பெரிய கல். பின்னாலேயே பவுனம்மாள்.

போட்டு உடைக்கத்தான் வருகிறாள் என்று பஷீர் பேசின்மேல் கவிழ்ந்தான்.

மங்கை கல்லை, தூங்குகிற பிள்ளையைக் கிடத்துவதுபோல, தரையில் இறக்கினாள். பவுனம்மாள் முந்தானையிலிருந்து இரண்டு வினிகர் பாட்டிலை எடுத்து அதன் பக்கத்தில் வைத்தாள்.

"ரூம் விசயம் அப்பால பாத்துக்கலாம்" என்றாள், அவன் முகத்தைப் பார்க்காமல்.

மங்கை கல்லின் ஈரத்தைத் துடைத்தாள். முதல் தடவையாக வாயைத் திறந்தாள்.

"எங்க வூட்டுக்காரரு கடல்ல முழுவிப்போன எடத்துல வலையில வந்திச்சி, பாய். மெதுவா சொரண்டு, அவருக்குக் கூச்சம் ஜாஸ்தி."