கூப்பிடாத கலியாணத்தில் ஒரு ரிவர்ஸ்

வாய் திறக்கக் கூச்சப்படுகிறவன் யாருக்கும் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கக் கூடாது. அந்த வேலைக்கு அதட்டத் தெரிய வேண்டும். எனக்கு ஹார்ன் அடிக்கவே கூச்சம். முன்னால் நடக்கிறவர் திரும்பிப் பார்த்தால் என்ன பேசுவது? தேங்காய் டெம்போவிலேயே பாதி ஆயுசை ஓட்டியவன் சொல்கிறேன், நம்புங்கள்.

அப்படிப்பட்ட நான் என் மகள் தாரணிக்கு வாத்தியார் ஆனேன். டிரைவிங் ஸ்கூல் அண்ணன் கத்துகிறார் என்று பாதியில் நின்றுவிட்டாள். லைசென்ஸ் டெஸ்டில் ஒருமுறை ரிவர்ஸில் கோட்டைவிட்டிருந்தாள். அடுத்த வாரம் சென்னைக்குக் காலேஜ் போக வேண்டியிருந்தது. அதற்குள் மறு டெஸ்டில் பாஸாகாவிட்டால் லைசென்ஸை மறந்துவிட வேண்டியதுதான்.

நான் சொல்லிக்கொடுத்த அழகைக் கேளுங்கள்.

"அம்மிணி, கொஞ்சம் பிரேக்க அமுத்திக்கிட்டீன்னா நல்லா இருக்குங் கண்ணு."

"அப்பா, நீங்க சொல்லி முடிக்கறதுக்குள்ள பள்ளம் வந்துட்டுப் போயிருச்சுங்க."

டெஸ்ட் நாள் வந்தது. பத்தரை மணிக்கு டெஸ்ட் மைதானத்தில் இருக்க வேண்டும். தொண்டாமுத்தூரிலிருந்து எங்கள் காரை அவளையே ஓட்டச் சொல்லிவிட்டு, வெள்ளை வேட்டி வெள்ளைச் சட்டையில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். (அதிகாரிகளைப் பார்க்கப் போகிறோமே!) வழியில் ஒரு கிளை ரோட்டிலிருந்து மாலை கட்டிய கார் ஒன்று எட்டிப் பார்த்தது. தாரணி மரியாதையாக நின்று வழிவிட்டாள். அது போனதும் இவள் நகர்ந்தாள். அவ்வளவுதான், பின்னாலேயே வரிசையாகக் கார்களும் வேன்களும் வந்து ஒட்டிக்கொண்டன. கலியாணச் சீர் போகிற கூட்டம். நடுவில் நாங்கள்.

"அப்பா, இப்ப என்னங்க பண்ணட்டும்?"

"பயப்படாத கண்ணு. முன்னால போற வண்டியையே பாத்து ஓட்டு."

பெற்ற நாளிலிருந்து என் பேச்சை அவள் அட்சரம் பிசகாமல் கேட்டது அன்றைக்கு ஒருநாள்தான். முன்னால் போன கார் இடதுபக்கம் ஒரு கலியாண மண்டபத்துக்குள் திரும்பியது. இவளும் திரும்பினாள். வாசலில் கட்டியிருந்த வாழை மரங்களுக்கு நடுவே நுழைந்து, ஒருவர் கை காட்டிய இடத்தில் சுத்தமாக நிறுத்தினாள். பின்னால் வந்த வண்டிகள் எங்களை அடைத்து நின்றன.

மீசைக்காரர் ஒருவர் என் பக்கக் கதவைத் திறந்தார். "வாங்க மாப்ள! இப்பத்தான் வர்றதா?"

"இல்லைங்க, நாங்க வந்து..."

எங்கள் பக்கத்தில் "இல்லைங்க" என்று ஆரம்பித்தால் மரியாதைக்குச் சொல்கிறான் என்றுதான் எடுத்துக்கொள்வார்கள். வெள்ளை வேட்டி கட்டிய நடுவயசு ஆள் எந்தக் கலியாணத்துக்கும் சொந்தக்காரன்தான். "தட்டு ஒத்தப்படையா வரோணும், ஒரு ஆளு கொறையுது. புடிங்க" என்று மாதுளம்பழத் தட்டை என் கையில் வைத்துவிட்டார்.

"அப்பா, டெஸ்டு!" தாரணி பல்லைக் கடித்தாள்.

"உள்ள வெச்சுட்டு ஓடியாந்தர்றேன் கண்ணு."

மேளத்துக்குப் பின்னால் வரிசையில் நடந்தேன். பக்கத்துத் தட்டுக்காரர் கேட்டார்: "ஏனுங்க, நீங்க பொண்ணூட்டுப் பக்கமுங்களா, மாப்பிள்ளையூட்டுப் பக்கமுங்களா?"

"நடுவுலங்க" என்றேன்.

அவரும் தலையாட்டிக்கொண்டார்.

மேடைக்குப் பக்கத்தில் போயிருப்பேன். வெளியே ஹார்ன் கேட்டது. விட்டு விட்டு அல்ல, ஒரே அமுக்கு. மேளக்காரர்களே நிறுத்திவிட்டார்கள். ஐயர் நிமிர்ந்து பார்த்தார். எனக்கு மட்டும் அது எங்கள் வண்டிச் சத்தம் என்று தெரிந்தது. தட்டோடு வெளியே ஓடினேன். என் பின்னால் பாதிக் கலியாணம் ஓடி வந்தது.

பின்னால் நின்ற வண்டிகளை எல்லாம் ஹார்ன் அடித்தே நகர்த்தியிருந்தாள் தாரணி. இப்போது ரிவர்ஸ் எடுத்துக்கொண்டிருந்தாள். கூட்டம் ஒன்றுகூடி வாத்தியார் ஆனது.

"லெப்ட்டுல ஒடி அம்மிணி!"

"ரைட்டுங் கண்ணு, ரைட்டு!"

"நேரா உடு, நேரா உடு!"

அவள் ஜன்னலில் தலையை நீட்டி, "எல்லாரும் கொஞ்சம் பேசாம இருக்கீங்களாங்க?" என்றாள். கலியாணமே வாயை மூடியது. வளைந்து நெளிந்து வாசல்வரை பழுதில்லாமல் வந்துவிட்டாள். கடைசி முழத்தில் பின்பக்கம் லேசாக இடித்து, ஒரு வாழை மரம் குலையோடு கார் கூரைமேல் படுத்துக்கொண்டது.

மீசைக்காரர் அருகில் வந்தார். செத்தேன் என்று நினைத்தேன்.

"வாழைதானுங்க மாப்ள, போச்சாது, உடுங்க. சாப்புட்டுப்போட்டுத்தான் போகோணும்."

அப்போதுதான் எனக்குள் ஏதோ உடைந்தது. "ஏனுங்க, நாங்க உங்களுக்குச் சொந்தமே இல்லைங்க!" என்று கத்தினேன். என் ஆயுசிலேயே நான் போட்ட பெரிய சத்தம் அதுதான். தெருவே கேட்டிருக்கும்.

அவர் ஒரு விநாடி என்னைப் பார்த்தார். "அதுக்கு? சாப்புடாமப் போயிருவீங்களா?"

நான்கு பேர் சேர்ந்து வாழையைத் தூக்கினார்கள். நான் காரில் பாய்ந்து ஏறினேன். அத்தனை பேர் முன்னால் ரிவர்ஸ் எடுத்தவளுக்கு டெஸ்ட் மைதானத்துக் கம்பங்கள் ஒரு பொருட்டாகவே இல்லை. பாஸாகிவிட்டாள். அவள் இறங்கி வந்து சிரித்தபோதுதான் கவனித்தேன்: மாதுளம்பழத் தட்டு என் மடியிலேயே இருந்தது.

சாயந்திரம் தட்டைத் திருப்பிக் கொடுக்கப் போனோம். சாப்பிட வைத்துத்தான் அனுப்பினார்கள். அதிலிருந்து அந்த வீட்டுக் காதுகுத்து, புதுமனை எதுவானாலும் எங்களுக்கு அழைப்பு வந்துவிடுகிறது.

இப்போதும் லீவில் வந்தால் தாரணிதான் வண்டி ஓட்டுகிறாள். எந்த மண்டப வாசலிலும் வண்டியை நிறுத்தி, "அப்பா, இது நம்ம சொந்தந்தானுங்களா?" என்று கேட்காமல் உள்ளே திருப்புவதில்லை.

பின்சீட்டிலிருந்து என் மனைவி சொல்வாள்: "அவரை எதுக்குக் கேக்கற? தட்டக் குடுத்தா உள்ள போயிருவாரு."