என் மூக்கைக் கொத்த வரும் சிட்டு யார்?

மதிப்பிற்குரிய மச்சான் அனிபால் அவர்களுக்கு,

உங்கள் தங்கை செனாய்தாவின் கணவன் வெனான்சியோ, பிறர் கையை நம்பாமல் தானே எழுதும் முதல் கடிதம். இங்கே நானும் கோழிகளும் நலம். கீட்டோவில் நீங்களும் உங்கள் முழங்காலும் நலமாயிருக்க மாதாவை வேண்டுகிறேன். ஒவ்வொரு எழுத்தையும் மெல்ல உட்காரவைத்து எழுதியிருக்கிறேன். நீங்களும் மெல்லப் படியுங்கள்.

பக்கத்துத் தோட்டத்து விதவை ஒதிலியாவை நான் கட்டிக்கொள்ளலாமா என்று போனில் கேட்டபோது நீங்கள், "என் தங்கச்சி நேர்ல வந்து சரின்னு சொல்லட்டும், அப்புறம் பாக்கலாம்" என்று வைத்துவிட்டீர்கள். செத்தவள் எங்கே வரப்போகிறாள் என்று நினைத்திருப்பீர்கள். மச்சான், வந்துவிட்டாள். மறுநாள் காலை சிவப்புப் போன்சோவைப் போர்த்திக்கொண்டு நான் தோட்டத்தில் நிற்க, பூத்தேன் குடிக்கும் விரல் நீள ரீங்காரச் சிட்டு ஒன்று என் மூக்குக்கு நேரே அந்தரத்தில் நின்று முறைத்தது. செத்தவர்கள் சேதி சொல்ல அந்த உருவில்தான் வருவார்கள் என்று நம் ஊரில் யாருக்குத் தெரியாது? நான் தொப்பியைக் கழற்றி, செனாய்தா, உனக்குச் சம்மதமா என்று பணிவாகக் கேட்டேன். அது என் வழுக்கையைக் குறிபார்த்துப் பாய்ந்து என்னைக் கோழிக்கூண்டுக்குள் துரத்தியது. அதன்பின் வேலிப்படலைத் திறந்தாலே பாய்கிறது. வேறு வழியில்லாமல் சோளம் அவிக்கும் பானையைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு ஒதிலியா வீட்டுக்குப் போனேன். "பொண்ணு பாக்க வர்றீங்களா, போருக்குப் போறீங்களா?" என்றாள். விஷயத்தைச் சொன்னதும் அவள் முகம் விழுந்துவிட்டது. அவங்களுக்கு வேணாம்னா எனக்கும் வேணாம், செத்தவங்களோட எனக்கென்ன சண்டை என்று சொல்லிப் படலைச் சாத்திக்கொண்டாள். அன்று நான் சாப்பிடவேயில்லை.

மனம் கேட்காமல், எனக்கு எழுத்துச் சொல்லித்தரும் நெல்லி டீச்சரிடம் பறவைப் புத்தகம் வாங்கிவந்து வேலியோரப் பியூஷியாப் பூப்புதருக்குள் உட்கார்ந்தேன். பச்சை உடம்பு, காதோரம் ஊதா, வயிற்றில் நீலம். படம் கிடைத்தது. பெயரையும் நானே வாசித்தேன், மச்சான்! பெரும்பாலான சிட்டுகளில் பளபளப்பு ஆணுக்குத்தான் என்று டீச்சர் சொன்னதும், அப்படியானால் இது செனாய்தா இல்லை என்று எனக்குப் பாதி உயிர் வந்தது. நடத்தையைப் பார்த்ததும் மீதியும் வந்தது. விடிந்ததிலிருந்து ஒரே கிளையில் உட்கார்ந்து கத்துகிறது, வேலிப் பூ எல்லாம் தனக்கே என்று தேனீயைக்கூட விரட்டுகிறது. வேலி தாண்டி விழுந்த முள்ளிப்பழத்தைக்கூடத் தடியோடு காவல் காத்த மனிதர் யார்? ஒதிலியாவின் காலஞ்சென்ற கணவர் லிசான்ட்ரோ! வேலி இடுக்கு வழியாக அவளைக் கூப்பிட்டுக் காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"ஐயோ, அவரேதான். பட்டாம்பூச்சிகிட்டக்கூட வாடகை கேப்பாரு."

பிறகு இடுப்பில் கைவைத்துக்கொண்டு சிட்டிடமே சொன்னாள்: "உயிரோட இருந்தப்பவே உங்க பேச்ச நான் கேக்கல, இப்பவா கேக்கப்போறேன்?"

படல் திறந்தது. ஆக, எதிர்ப்பு அவர்கள் பக்கத்து ஆளிடமிருந்துதான். நம் செனாய்தா வாயே திறக்கவில்லை. அதைச் சம்மதமாக எடுத்துக்கொண்டு சனிக்கிழமை பூசைக்குப் பிறகு கல்யாணம் வைத்திருக்கிறோம். நீங்கள் வந்து பக்கத்தில் நிற்கவேண்டும்.

உங்கள் வாசலுக்குப் பறந்து வருவதெல்லாம் நல்ல சேதியாகவே இருக்கட்டும்.

அன்புள்ள,
வெனான்சியோ

பின்குறிப்பு: உறையை ஒட்டப்போகும்போது பார்த்தால், அந்தச் சிட்டு அலகில் சிலந்தி நூலோடு ஒதிலியாவின் வாசல் கூரை இறவாணத்தில் கூடு கட்டுகிறது. ஓடிப்போய் டீச்சரைக் கேட்டேன். கூடு கட்டுவது பெண்ணின் வேலையாம். இந்த இனத்தில் பெண்ணும் அதே மாதிரி மின்னுமாம். அப்படியானால் அது லிசான்ட்ரோ இல்லை, உங்கள் தங்கையேதான். அதை ஒதிலியாவிடம் சொன்னேன். அவள் சாவகாசமாக அந்தக் கூட்டுக்கு அடியில் போய் நின்றாள். சிட்டு அசையவில்லை. நான் முற்றத்தில் கால் வைத்தேன், மூக்குக்கு வந்துவிட்டது. "என் வீட்டுக்கே குடிவந்துட்டாங்க, அவங்களுக்கு என்னைப் பிடிச்சிருக்கு. உங்களத்தான் பிடிக்கல" என்கிறாள் ஒதிலியா. ஆகவே மச்சான், உங்கள் தங்கை நேரில் வந்து பெண்ணுக்குச் சம்மதம் சொல்லிவிட்டாள். மாப்பிள்ளையைப் பற்றி நீங்கள் நிபந்தனை எதுவும் போடவில்லை. சனிக்கிழமை அவசியம் வாருங்கள்.